மரவட்டைக்கு எத்தனை துண்டு

மடம் என்றதும் கோபுரம், யானை, பூரணகும்பம் என்றெல்லாம் மனசில் கட்டிக்கொள்ள வேண்டாம். இந்த மடம் ஒரு நீளமான பனையோலைக் கொட்டகை. முன்னால் ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு கல்தொட்டி. அவ்வளவுதான். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பளம். அங்கே அடிக்கிற வெயிலில் காக்கைகூடத் தன் நிழலைத் தரையில் விடாது. சுட்டுவிடும் என்று இறக்கைக்குள் இடுக்கிக்கொண்டே பறக்கும்.

மடத்தில் இருந்தது வடிவு அம்மை. வயது நாற்பத்தைந்தைத் தாண்டாது. அவருக்குச் சீடர் என்று வாய்த்தவர் ஒரே ஒருவர், திருமலைக்கொழுந்து. அவருக்கு அறுபத்தொன்று. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். அவர் விசில் ஊதினால் வரிசையில் நிற்கிற பிள்ளைகளோடு மதில்மேல் இருக்கிற ஓணானும் நெஞ்சை நிமிர்த்தும்.

வந்த அன்றைக்கே அம்மை அவர் கையைப் பார்த்தார்.

"அது என்ன?"

"பிரம்பு, அம்மை. பழக்கதோஷம்."

"உடைச்சு அடுப்புல வையும். காப்பி போடணும்."

அந்தப் பிரம்பு எரிந்து கொதித்த காப்பியை இரண்டு பேரும் குடித்தார்கள். தன் டம்ளர் மட்டும் கொஞ்சம் கசப்பதாகக் கொழுந்துக்குப் பட்டது.

மடத்தில் அவருக்குக் கொடுத்த வேலை பிள்ளைகள். உப்பு வாரப் போகிற பெண்கள் விடிந்ததும் குழந்தைகளை மடத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். மொத்தம் பன்னிரண்டு உருப்படி. மூத்தவனுக்கு ஆறு வயது. ஒருத்தன் கடிப்பான். ஒருத்தி உப்பை அள்ளி அடுத்தவள் கண்ணில் போடுவாள். முத்தரசு என்று ஒருவன். அவன் என்ன செய்வான் என்பது அவனுக்கே முன்கூட்டித் தெரியாது. முன்னூறு பிள்ளைகளை ஒரே விசிலில் நிறுத்திய மனுஷன், இந்தப் பன்னிரண்டை வைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

அவர்களில் கடைக்குட்டி உலகி. மூன்றரை வயது.

உச்சிவெயிலில் பெண்கள் கஞ்சி குடிக்க மடத்துக்கு வருவார்கள். நாள் முழுக்க உப்புத்தண்ணீரில் நின்ற கால்கள். குதிகாலெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு ஏறி எரியும். உலகி ஒரு தேங்காய்ச் சிரட்டையால் தொட்டியில் இருக்கிற நல்ல தண்ணீரை மொண்டு வருவாள். ஒவ்வொருத்தி குதிகாலிலும் ஊற்றுவாள். ஊற்றிவிட்டுக் குனிந்து, கன்னத்தை உப்பிக்கொண்டு, வெடிப்பில் ஊதுவாள்.

"பூ."

"என் தாயி, எரிச்சல் எந்தப் பக்கம் போச்சுன்னே தெரியலியே" என்பார்கள் பெண்கள்.

இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கொழுந்து தினமும் உச்சிப்பொழுதுக்குக் காத்திருப்பார். கஞ்சிக்கு என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அந்தப் "பூ"வைக் கேட்கத்தான்.

கேட்டுக்கொண்டே இருந்தவருக்கு ஒருநாள் யோசனை ஒன்று முளைத்தது. ஒன்று செய்வதைப் பன்னிரண்டும் செய்தால்?

ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டியை உடைத்துப் போட்டார். அம்மையிடம் போய் நின்றார்.

"யாரு அம்மாமார் காலுக்குத் தண்ணி ஊத்துதாங்களோ, அவங்களுக்கு ஒரு துண்டு. ஒரு காலுக்கு ஒரு துண்டு. அடியும் இல்ல, திட்டும் இல்ல. எப்படி அம்மை?"

அம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"கருப்பட்டி உடன்குடியா?"

"ஆமா அம்மை. ஒசத்தி."

"அப்போ எனக்கு ஒரு துண்டு குடுத்துட்டுப் போம்."

அவ்வளவுதான் சொன்னார்.

முதல் நாள் பன்னிரண்டு சிரட்டைகளும் தொட்டியில் மொய்த்தன. கடிக்கிறவன் கடிக்கவில்லை, வாயில் கருப்பட்டி இருந்தது. கண்ணில் உப்புப் போடுகிறவளுக்குக் கை ஒழியவில்லை. பெண்களுக்கு ஒரே ஆச்சரியம்.

"வாத்தியாரய்யா, என்ன மந்திரம் போட்டிய?"

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல" என்று கொழுந்து மீசையைத் தடவினார். அன்றைக்கு அவருக்குக் கஞ்சி இரண்டு அகப்பை கூடுதலாக இறங்கியது.

நாலாம் நாள் முத்தரசு ஒரு ஆட்டைக் காதைப் பிடித்து இழுத்து வந்தான்.

"தாத்தா, நாலு துண்டு குடும்."

"எதுக்குலே?"

"ஆட்டுக்கு நாலு காலு. நாலுலயும் ஊத்திட்டேன்."

"ஆடு உப்பளத்துக்கா போச்சு?"

"போச்சு. நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் கொழுந்து நாலு துண்டு கொடுத்தார்.

அடுத்த நாள் இரண்டு பேர் கூட்டணி சேர்ந்தார்கள். ஒருத்தன் ஓடிப் போய் உப்புப் பாத்தியில் மிதித்துவிட்டு வருவான், மற்றவன் ஊற்றுவான். பிறகு இவன் ஓடுவான், அவன் ஊற்றுவான். ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றது. அதன் இன்னொரு காலும் கணக்கில் சேருமா சேராதா என்று ஒரு பெரிய சண்டை. தூக்கின காலைக் கீழே வைக்கச் சொல்லிக் கொக்கிடம் கெஞ்சியும் பார்த்தார்கள். அது கடைசிவரை சம்மதிக்கவில்லை.

அதற்கும் அடுத்த நாள் முத்தரசு ஒரு பூவரச இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, நடை நோகாமல் வந்தான். இலைமேல் ஒரு மரவட்டை சுருண்டு கிடந்தது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"எண்ணிக் குடும், தாத்தா."

கொழுந்து மரவட்டையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் எந்தப் பையனும் அவரை இப்படி மடக்கியதில்லை.

அந்த நேரத்தில்தான் பெண்கள் கஞ்சிக்கு வந்தார்கள். உலகியின் அம்மா சந்தனமாரி தொட்டிக்குள் கையை விட்டாள். கை அடிக்கல்லில் தட்டியது.

தொட்டியில் ஒரு சொட்டு இல்லை.

அந்தப் பக்கத்தில் கிணறு வெட்டினால் கடல்தான் வரும். நல்ல தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை பீப்பாயில், மாட்டுவண்டியில் வரவேண்டும். வண்டி நாளைக்குத்தான்.

பெண்கள் கஞ்சியைக் குடித்துவிட்டு, எரிகிற காலோடு திரும்ப உப்புத்தண்ணீருக்கே நடந்தார்கள். போகிறபோது சந்தனமாரி, "பரவால்ல வாத்தியாரய்யா, பிள்ளைங்க விளையாட்டு" என்றாள். அவள் நாலு வார்த்தை வைதிருந்தால் கொழுந்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் அவர் பெட்டியைப் பரணில் ஏற்றினார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்.

"இனிமே கருப்பட்டி கிடையாது. ஆனா எப்பவும்போல தண்ணி ஊத்தணும். சரியா?"

"சரி, தாத்தா" என்றன பன்னிரண்டு வாய்களும்.

உச்சிப்பொழுதில் வண்டி வந்து தொட்டி நிறைந்திருந்தது. பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். ஒரு பிள்ளை அசையவில்லை. முத்தரசு வேப்பமரத்தில் ஏறிக்கொண்டான்.

உலகி மட்டும் எழுந்தாள். கொழுந்துக்கு மூச்சு வந்தது. அவள் சிரட்டையில் தண்ணீரை மொண்டாள். அம்மாவின் காலுக்குப் பக்கம் வந்தாள். நின்றாள். திரும்பிக் கொழுந்தைப் பார்த்தாள். முகத்தை இல்லை, கையை. கையில் பெட்டி இல்லை.

சிரட்டைத் தண்ணீரைச் சிந்தாமல் தொட்டியிலேயே திரும்ப ஊற்றிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதுதான் கொழுந்துக்கு இன்னொன்று உறைத்தது. கருப்பட்டி கொடுக்கத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே அவள் ஊதவில்லை. ஊதினதற்குத் துண்டு கிடையாதே.

அன்று பொழுது சாய அம்மை முன்னால் போய் நின்றார்.

"அம்மை, அந்தப் பிள்ளைகிட்ட இருந்ததை நான் கெடுத்துட்டேன். பிரம்பு இருந்திருந்தாகூட இப்படி ஆகியிருக்காது. எப்படித் திருப்பிக் குடுக்கிறது?"

அம்மை வேறொன்று கேட்டார்.

"தினம் வெள்ளன எந்திரிச்சு எங்கே போறீரு?"

கொழுந்து விழித்தார். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்த காரியம் அது. மடத்திலிருந்து உப்பளத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதையின் இரண்டு ஓரமும் உடைமரம். அதன் வெள்ளை முள் விரல் நீளம் இருக்கும். உதிர்ந்து பாதையில் கிடக்கும். பெண்கள் வெறுங்காலோடு நடக்கிற வழி. வந்த புதிதில் ஒருத்தி நொண்டிக்கொண்டு போனதைப் பார்த்தார். மறுநாளிலிருந்து விடியுமுன் போய்ப் பொறுக்கிவிட்டு வருகிறார்.

"முள்ளு பொறுக்க, அம்மை."

"நல்ல காரியம். நாளையிலருந்து முள்ளுக்கு ஒரு துண்டு. பெட்டியை இறக்கி என்கிட்ட வையும்."

"நான் கேட்டது உலகி சங்கதி, அம்மை."

"முள்ளைக் கொண்டாரும்."

மறுநாள் பதின்மூன்று முள். அம்மை பதின்மூன்று துண்டை எண்ணிக் கையில் வைத்தார். கொழுந்துக்குக் கூச்சமாக இருந்தது. அறுபத்தொரு வயதில் கையை நீட்டிக் கருப்பட்டி வாங்குவதா? இருந்தாலும் குரு கொடுத்தது. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"இனிச்சுதா?"

"இனிச்சுது, அம்மை."

இரண்டாம் நாள் இருபத்தேழு. பாதையில் பன்னிரண்டுதான் கிடந்தன. மிச்சம் பாதைக்கு அந்தப் பக்கம், கீரிப்பிள்ளை மட்டும் போகிற புதருக்கடியில். கீரிக்கும் கால்தானே என்று நினைத்துக்கொண்டார்.

"இனிச்சுதா?"

"ஒண்ணுதான் தின்னேன். மிச்சத்தைப் பையில பத்திரமா வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

கொழுந்து பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அறுபத்தொன்று. வயசும் முள்ளும் சரியாக வந்ததில் அவருக்கு ஒரு திருப்தி. அன்றைக்கு அம்மை எண்ணும்போது அவரும் உதட்டை அசைத்துக் கூடவே எண்ணினார்.

"அம்பத்தெட்டு. சரியா இருக்கு" என்றார் அம்மை.

"அறுபத்தொண்ணு, அம்மை."

"அப்படியா? என் கண்ணு கொஞ்சம் மங்கல்." மூன்று துண்டை எடுத்து வைத்தார். "இனிச்சுதா?"

"இன்னிக்கு வாயில போடலை."

நாலாம் நாள் கொழுந்து பாதையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். ஆள் நடமாட்டம் இல்லை. தோள்துண்டை இழுத்துத் தலையில் கட்டிக்கொண்டு ஒரு உடைமரக் கிளையைப் பிடித்து உலுக்கினார். முள் மழை கொட்டியது. குனிந்து பொறுக்குகிறபோது ஒரு கொக்கு அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. அதே ஒற்றைக்கால் கொக்கு. கொழுந்து அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொறுக்கினார்.

அன்றைக்கு அம்மை எத்தனை என்று கேட்கவில்லை. ஓலைப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினார்.

"தீந்துட்டு."

"அதனால என்ன அம்மை? கருப்பட்டிக்காகவா செய்யுதேன்?"

"அதானே" என்றார் அம்மை.

கொழுந்து நூற்றுப் பதினாலு முள்ளையும் வேலியோரம் கொட்டிவிட்டு வந்தார். கொட்டும்போது மனசு கொஞ்சம் பிசகியது. பையைத் திறந்து பார்த்தார். சேர்த்து வைத்திருந்ததை எறும்பு தூக்கிப் போயிருந்தது. கடைசி எறும்பு போகிறபோது பையின் வாயையும் மூடிவிட்டுப் போயிருந்தது என்பது பிற்பாடு அவரே சொன்னது.

ஐந்தாம் நாள் கண் விழித்தபோது முகத்தில் வெயில் அடித்தது. தூங்கிப்போய்விட்டோம் என்று முதலில் நினைத்தார். பிறகு ஞாபகம் வந்தது. விடியுமுன் ஒரு தடவை முழிப்பு வந்தது. முழிப்பு வந்து, இன்றைக்கு என்ன அவசரம் என்று புரண்டு படுத்தது அவர்தான்.

எழுந்து வாசலுக்கு ஓடினார். பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு அந்தப் பாதையிலேயே போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

உச்சிப்பொழுதில் திரும்பி வந்தார்கள். எல்லோருக்கும் கடைசியில் சந்தனமாரி. ஒரு காலை முன்விரலில் ஊன்றி ஊன்றி வந்தாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காலைத் திருப்பினாள். குதிகாலில், வெடிப்புக்குள்ளேயே, முள் ஏறி முறிந்திருந்தது. காலையிலிருந்து அதோடு உப்புத்தண்ணீரில் நின்றிருக்கிறாள்.

"ஒண்ணுமில்ல வாத்தியாரய்யா. இந்தப் பாதையில முள்ளே கிடக்காது. இன்னிக்கு என்னமோ என் நேரம்."

கொழுந்து கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அம்மை உள்ளே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

கொழுந்து சந்தனமாரியின் காலுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தார்.

"ஐயோ, நீங்க போய்..."

"சும்மா இரும்மா."

ஊக்கு ஒன்றை வாங்கி, நெருப்பில் காட்டி, முள்ளை நெம்பி எடுத்தார். வர நேரம் ஆயிற்று. சந்தனமாரி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். எடுத்த முள்ளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு எழுந்து போய் ஒரு சிரட்டையில் தண்ணீர் மொண்டு வந்து அவள் காலில் ஊற்றினார். அடுத்தவள் காலிலும் ஊற்றினார். டிரில் வாத்தியார் ஊற்று; செடிக்கு ஊற்றுகிற மாதிரி சளார் சளார் என்று விழுந்தது. பெண்கள் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டார்கள். முத்தரசு மரத்திலிருந்து கீழே இறங்கி வந்து வேடிக்கை பார்த்தான்.

உலகி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் கையைப் பார்த்தாள். பிறகு அக்கம்பக்கம் தேடினாள்.

"தாத்தா."

"என்ன தாயி?"

"உனக்கு யாரு கருப்பட்டி குடுப்பா?"

"யாரும் குடுக்க மாட்டாங்க."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

உலகி கொஞ்ச நேரம் அதை யோசித்தாள். யோசிக்கும்போது அவளுக்கு வாய் திறந்துவிடும்.

"பாவம்" என்றாள்.

பாவாடை முனையில் ஒரு முடிச்சு இருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே ஒரு துண்டு கருப்பட்டி. என்றைக்கோ வாங்கியது, பாதி நக்கியது, நூலும் மண்ணும் ஒட்டியிருந்தது. வேறு இல்லை, அது ஒன்றுதான். எடுத்து, எம்பி, அவர் வாயில் வைத்தாள்.

வைத்துவிட்டு அவர் கையிலிருந்த சிரட்டையைப் பிடுங்கினாள்.

"உனக்கு ஊத்தத் தெரியல. குதிகாலுல ஊத்தணும்."

தண்ணீர் மொண்டு வந்தாள். அம்மாவின் குதிகாலில், முள் இருந்த இடத்தில் ஊற்றினாள். குனிந்தாள். கன்னம் உப்பியது.

"பூ."

வாய்க்குள் இருந்ததைக் கொழுந்து மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

முத்தரசு ஒரு சிரட்டையை எடுத்தான். மரவட்டையைத் தேடிப் போனானா, கால்களைத் தேடி வந்தானா என்று அவர் பார்க்கவில்லை.

பெண்கள் வேலைக்குத் திரும்பிய பிறகு கொட்டகைக்குள் போனார். அம்மை முறத்தை ஓரமாக வைத்தார்.

"அம்மை, அந்தப் பிள்ளை என் வாயில கருப்பட்டி வச்சா."

"பார்த்தேன்."

"கடைசித் துண்டு போல இருக்கு."

"இனிச்சுதா?"

கொழுந்து நாக்கை ஒருமுறை மேலண்ணத்தில் ஓட்டிப் பார்த்தார்.

"கரிச்சுது, அம்மை. அவ கையெல்லாம் உப்பு."

அம்மை எழுந்து முந்தானையை உதறிக்கொண்டார்.

"பாவாடையில இன்னொரு முனை இருக்கும். அதுல ஏதாவது முடிஞ்சு வச்சிருக்காளான்னு கேட்டுப் பாரும். எனக்கும் ஒரு துண்டு வேணும்."